மெழுகுத்திரித் தெருவைக் காலி செய்தவள்

வலம்புரிப்பட்டணத்தில் துறைமுகத்துக்கும் மாதா கோயிலுக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கும் மெழுகுத்திரித் தெரு ஒரு திங்கட்கிழமை விடிந்தபோது நூறு வருஷமாக ஆளில்லாமல் கிடந்த தெருவாகிவிட்டிருந்தது. மாடிச் சுவர்களில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது, பால்கனிகளைப் பிளந்துகொண்டு மரங்கள் முளைத்திருந்தன, முக்கில் நின்ற மினிபஸ் துருவேறி ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது, வானம் விளக்காத பித்தளைப் பானையின் நிறத்தில் இருந்தது. இத்தனையையும் வாசலில் நின்று பார்த்த ரொசாலி மயினி செய்த முதல் காரியம், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திருகிப் பார்த்ததுதான். வந்தது. குடத்தை வைத்தாள். தண்ணீர் வந்துவிட்ட பிறகு மற்றதை எல்லாம் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

யார் கைவேலை என்று ஒருவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தெருவின் நடுவீட்டில், முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்திக் கொடுக்கிற புளோராவின் கை அப்படிப்பட்ட கை. தாலி கட்டும் நேரத்தில் கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு அவள் கண்ணைத் திறந்துவிட்டால் அவன் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க விழிப்பாக இருந்தான். மணப்பெண் கன்னத்துத் தழும்பை ஆல்பத்தில் அவள் துடைத்தால் ஆல்பம் வீடு போய்ச் சேருமுன் கன்னத்திலும் தழும்பு இருக்காது. "எல்லாம் புளோரா கைராசி" என்று தெரு சொல்லும். "நல்ல கிரீமா பாத்துப் போட்டிருப்பா" என்று புளோரா சிரிப்பாள். ஊரே நம்பிய கையை நம்பாதவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு ஒரு தம்பி, பாஸ்கோ. அம்மா காய்ச்சலில் போனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அம்மாவும் அவள்தான் அப்பாவும் அவள்தான். குழம்பில் நடுத்துண்டு மீன் அவன் தட்டுக்கே போகும், அவளுக்குத் தலையும் வாலும். பெண் கேட்டு வந்தவர்களிடம் எல்லாம், "தம்பி ஒரு நெலைக்கு வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி, கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். தம்பி நிலைக்கு வரவில்லை. எதையாவது வாங்கி எதையாவது விற்றுத் தருகிற தரகு வேலை பார்த்தான், நல்ல சட்டையாகப் போட்டான், வாய் மட்டும் தேன்.

அந்தத் தேன் வாயோடுதான் ஒரு நாள் வந்து அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எக்கா, ஒரு சினிமாக் கம்பெனிக்காரன் நம்ம தெருப் படத்தக் கேக்கான். ஆளே இல்லாம பாழாப்போன ஊரு மாதிரி மாத்திக் குடுக்கணுமாம். நீதான் செய்யணும்."

"ஏன், மெட்ராஸ்ல ஆளா இல்ல? அங்க பெரிய பெரிய கம்ப்யூட்டர் வச்சிருப்பாவளே."

"அவங்க செஞ்சா ஒட்டுப்போட்டது தெரியும்க்கா. ஒன் கை பட்டாத்தான் நெசம் மாதிரி வரும்."

இப்படிச் சொன்னால் எந்த அக்காவுக்குத்தான் உச்சி குளிராது? அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாஸ்கோ வீடு வீடாகப் போய், எல்லாரும் சினிமாவில் வரப்போகிறீர்கள் என்று சொல்லித் தெருவையே வாசலுக்குக் கூட்டி வந்தான். கடலுக்குப் போகிறவர்கள்கூட அன்றைக்குப் போகாமல் நின்றார்கள். கால் முறிந்து கிடந்த கஸ்பார் மாமாவை நாற்காலியோடு தூக்கி வந்து போட்டார்கள், தொட்டில் பிள்ளையைத் தொட்டிலோடு கொண்டுவந்தார்கள், டீக்கடை இசக்கிமுத்து அண்ணாச்சி பாய்லரைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பாஸ்கோ கேமராவோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினான்.

"நீயும் நடுவுல நில்லுக்கா."

"வெறுந்தெருதான கேட்டான்? பெறவு ஆளு எதுக்குல?"

"ஆளு நின்ன எடத்துல ஆள எடுத்தாத்தான் வெறிச்சுன்னு தெரியும்னு டைரக்டர் சொல்லுதாரு. ஒருத்தர் விடாம நிக்கணும்."

டைரக்டர் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று அவள் நடுவில் போய் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். படம் எடுத்தவனைத் தவிர எல்லாரும் படத்தில் விழுந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வேலையில் உட்கார்ந்தாள். விருந்தில் தன் இலையைக் கடைசியாகப் போடுகிறவள், இந்த வேலையில் மட்டும் முதலில் தன்னை அழித்தாள். தான் நின்ற இடத்துக்குப் பக்கத்துத் தார்ரோட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தடவினாள், அவ்வளவுதான், அங்கே யாரும் நின்றதற்கு அடையாளமே இல்லை. பிறகு ரொசாலி மயினியை, இசக்கிமுத்து அண்ணாச்சியை, நாற்காலியோடு கஸ்பார் மாமாவை, தொட்டிலோடு பிள்ளையை. சுவர்களுக்கு வெடிப்பு வரைந்தாள், கண்ணாடிகளை உடைத்தாள், இன்டர்நெட்டில் கிடைத்த ஏதோ தேசத்துச் செடிகொடியைக் கோயில் மதிலில் படரவிட்டாள், ஏதோ தேசத்துக் கரும்பறவைகளைக் கரண்டுக் கம்பியில் உட்காரவைத்தாள், வெயிலை அணைத்துச் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு வெளிச்சத்தைக் கொட்டினாள். தன் வேலையின் அழகு அவளுக்கே பிடித்துப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "காலி பண்ணுக்கா, ஒருத்தர் விடாம காலி பண்ணிரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இந்தக் 'காலி' இருக்கிறதே, இதைப்போல ஒரு கள்ளச் சொல் தமிழில் கிடையாது. டப்பாவும் காலி, வாடகை வீடும் காலி, ஆளைத் தீர்த்துவிட்டாலும் காலி. டப்பாவைக் காலி செய்கிற மாதிரிதான் அவள் காதில் விழுந்தது. அவன் வேறொன்றைச் சொன்னான்.

முடிந்ததும், "கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுக்கா, டவுனுல குடுத்துச் சரிபண்ணிட்டு வாரேன்" என்று, முதலில் எடுத்த படமும் திருத்திய படமும் உள்ளே இருக்கிற அதைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு பாஸ்கோ போனான். அவள் அவனுக்கு வறுத்த நெத்திலியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலைதான் ரொசாலி மயினி குழாயைத் திருகிப் பார்த்தது.

பாழாய்ப்போன தெருவோடு வாழ்வது தெருக்காரர்களுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. புயலைப் பார்த்தவர்கள், கரண்டு வெட்டைப் பார்த்தவர்கள், இதையும் பார்த்தார்கள். சுவர் வெடிப்பு வழியாக அடுத்த வீட்டுக்குக் காப்பித்தூள் கடன் கொடுத்து வாங்குவது வாசல் சுற்றிப் போவதைவிட எளிதாக இருந்தது. பால்கனியைப் பிளந்த மரத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், வெயில் மங்கலாக இருந்ததால் துணி காய மட்டும் நேரம் பிடித்தது. இசக்கிமுத்து அண்ணாச்சி டீக்கடையைத் துரு மினிபஸ்ஸுக்குள் மாற்றிக்கொண்டு, ஜன்னல் சீட்டுக்காரர்கள் டீயோடு ஒரு வடையும் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டார். மதிலில் படர்ந்த அந்நியக் கொடி என்ன கொடி என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் துவையலுக்கு ஆகும் என்று ஒருத்தி கண்டுபிடித்த நாளிலிருந்து அது மதிலில் நிலைக்கவில்லை. கரும்பறவைகள்தான் பாவம். நம்மூர்க் காக்கைகளோடு பாஷை ஒத்துவராமல் தனியாக உட்கார்ந்திருந்து, கடைசியில் கருவாட்டுக்குப் பழகி, வீட்டுக்கு ஒன்றாகப் பிரிந்து போயின. வீட்டை அழகாக இடித்திருக்கிறாள் என்று புளோராவிடம் வந்து சொன்னவர்கள்கூட உண்டு. "எங்க வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா மரம் வச்சிருக்கலாம்லா" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

கேஸ் சிலிண்டர்க்காரன் வந்த அன்றுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. அவன் தெரு முனையில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்து, "அய்யோ, எப்ப இப்படி ஆச்சு?" என்று தலையில் கை வைத்தான். ரொசாலி மயினி அவன் மூக்குக்கு நேராக நின்று, "ஏ தம்பி, சிலிண்டர எறக்கு" என்றாள். அவன் அவள் அங்கே நிற்காததுபோல அவளை ஊடுருவித் தெருவையே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தபால்காரர் வந்தார், போனார். பங்குச் சாமியார் வந்து, இத்தனை சனமும் சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனார்கள் என்று கண்கலங்கி, சுற்றி நின்ற அத்தனை சனத்துக்கும் நடுவில் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். போனில் பேசினால் எதிர்ப்பக்கம் அலோ அலோ என்று வைத்துவிட்டது. எழுதிப் போட்ட மனு வெறும் தாளாகப் போய்ச் சேர்ந்தது. படத்தில் அழிக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தார்கள், வெளியாளுக்குத் தெரியவில்லை.

இதற்கும் பழகத்தான் பார்த்தார்கள். டிக்கெட் எடுக்காமல் டவுன் பஸ்ஸில் போய்வந்த ஒரு பொடியன் கூட்டம் ரொம்பவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் பட்டணத்துப் பேச்சு டவுன் பஸ்ஸிலேயே ஏறி வந்து சேர்ந்தது: தணிகாசலம் என்கிற கிடங்கு முதலாளி ஒருவர் மெழுகுத்திரித் தெருவை மொத்தமாக வாங்கி இடித்துக் கன்டெய்னர் அடுக்கப் போகிறாராம், பாழடைந்த தெரு, ஆளே கிடையாதாம், தெருவில் மிச்சமிருக்கிற ஒரே ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போடப் போகிறானாம், அவன் பேர் பாஸ்கோவாம்.

தெரு புளோரா வீட்டு முன்னால் கூடியது.

"வளத்த கடா மார்ல பாஞ்சிட்டுடி" என்றாள் ரொசாலி மயினி.

"மயினி, வாய அலம்பிட்டுப் பேசு. அவனுக்கு எங்கைராசியப் பத்தி என்ன தெரியும்? எனக்கே அப்பத் தெரியாது. சினிமாக்காரன்னு சொல்லி எவனோ அவன ஏமாத்தியிருக்கான்."

"ஏமாந்தவன் எதுக்கு ஒன் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போனான்?"

"சரிபண்ணக் கொண்டுபோயிருக்கான்."

"எதுக்கு ஒருத்தர் விடாம நிப்பாட்டுனான்? முறிஞ்ச காலோட என்னையும்லா தூக்கிட்டு வந்தான்" என்றார் கஸ்பார் மாமா நாற்காலியிலிருந்து.

புளோராவுக்கு அழுகை வந்தது. "அவன் வரட்டும். நாம தெரியலன்னா அது வெளியாளுக்கு. அவன் இந்த வீட்டுச் சோறு தின்னவன், அவன் கண்ணுக்கு நான் தெரியாமயா போவேன்? என்னப் பாத்தான்னா அந்த எடத்துலயே சொல்லிருவான், சார் எங்க அக்கா இங்க நிக்கான்னு. அந்தப் பழைய படம் அவன்கிட்டதான் இருக்கு. அது கையில வந்துட்டா அழிச்ச ஆளயெல்லாம் நான் திருப்பி எடுத்துருவேன். அதுவரைக்கும் எவனும் எந்தம்பி மேல கை வைக்கக் கூடாது." அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எல்லாருக்கும் பாவமாக இருந்தது. அதனால் கலைந்து போனார்கள்.

ஒரு முற்பகலில் கார் வந்தது. தணிகாசலம் இறங்கினார், நிலம் அளக்கிற ஒருவர் இறங்கினார், கடைசியில் புதுச்சட்டையோடு பாஸ்கோ இறங்கினான். தெரு பூராவும் இரண்டு பக்கமும் நின்று கத்தியது. கத்தலில் பாதி கெஞ்சல், பாதி வசவு. இசக்கிமுத்து அண்ணாச்சி பொறுக்க மாட்டாமல் ஒரு செங்கல்லை எடுத்துக் காருக்குப் பக்கத்தில் எறிந்தார். "பாத்தீங்களா, தானா உதிருது" என்றார் தணிகாசலம். "சீக்கிரம் இடிச்சாகணும். யார் தலையிலாவது விழுந்தா பாவம்." அண்ணாச்சி அடுத்த செங்கல்லைக் கீழே போட்டுவிட்டார். எதிர்த்துப் போடுகிற கல்கூட எதிராளிக்குச் சாட்சி சொல்லும் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

புளோரா தெருவின் நடுவில் போய் நின்றாள்.

அளக்கிறவர் முதலில் வந்தார், அவள் தோளில் இடித்தார், இடிபாடு ஏதோ தடுக்கிவிட்டதென்று தரையைப் பார்த்துக்கொண்டே போனார். தணிகாசலம் அவள் காலை மிதித்துவிட்டு, "ஒரே கல்லும் மண்ணும்" என்று சொல்லிக்கொண்டு போனார். பின்னால் பாஸ்கோ தலையைக் குனிந்து போனைப் பார்த்தபடி வந்தான். மெலிந்திருந்தான், ஹோட்டல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "பாஸ்கோ" என்றாள். அவன் நிமிரவில்லை. "லே, அக்காடா."

அவளுக்கு ஓர் எட்டு முன்னால் வந்ததும் அவன் வலது தோளைப் பின்னால் வாங்கி, வயிற்றை எக்கிக்கொண்டு, அவள் மேல் படாமல் பக்கவாட்டில் கடந்து போனான். வீட்டுக்குள் அடுக்களைக்குப் போகிற ஒடுக்கமான நடையில், அவள் சுடுசோற்றுப் பானையோடு எதிரே வரும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான் வழிவிடுவான். வாய் பொய் சொன்னாலும் பழகிய உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

தெரு முழுக்கப் பார்த்தது.

"என்ன தம்பி, ஒதுங்குறீங்க?" என்றார் தணிகாசலம் திரும்பி.

"பள்ளம் சார்."

அவன் கண்ணுக்கு அவள் தெரிந்தாள். அவள் மட்டுமில்லை, ரொசாலி மயினியும் கஸ்பார் மாமாவும் தொட்டில் பிள்ளையும் எல்லாரும் தெரிந்தார்கள். இவ்வளவு பேருடைய கத்தலும் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இவள் கை தொட்டது பலிக்கும் என்று தெரிந்துதான் இவளிடம் கொடுத்தான், தெரிந்துதான் நடுவில் நில் என்றான், இவள் தன்னைத்தானே அழிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். தாங்க முடியாத வலி என்று சொல்வார்களே, அது புளோராவுக்கு நெஞ்சில் வரவில்லை, வயிற்றில் வந்தது, பெறாத வயிற்றில். இத்தனை நாளும் அவனுக்காகச் சண்டை போட்ட வாயை நினைத்து வெட்கமாக இருந்தது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான், அறுக்கிறவன் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு அறுப்பது.

"நடுவுல நில்லுங்க தம்பி, ஒரு போட்டோ" என்றார் தணிகாசலம். "கடைசி ஆள் கையெழுத்துப் போட்ட எடம்னு ஆபீஸ்ல மாட்டி வைக்கலாம்."

பாஸ்கோ நடுவில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். தணிகாசலம் படம் எடுத்தார், எடுத்த படம் திறந்தபடியே இருக்கப் போனை மினிபஸ் மூக்கின் மேல் வைத்துவிட்டு, காரிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கை கழுவப் போனார். அளக்கிறவர் கையெழுத்துக்கான தாள்களைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போதைய போன்களில் ஆளை அழிக்கக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. விரலால் ஒரு சுற்று சுற்றினால் போதும். புளோரா மினிபஸ் அருகே போனாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் கையை அவள் நம்பி நீட்டினாள். நிறுத்துங்கள் என்று யாராவது சொல்வார்களோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், ஒருவரும் சொல்லவில்லை. பாஸ்கோவுக்குத்தான் முதலில் புரிந்தது. "எக்கா! எக்கா, வேண்டாம்க்கா!" என்று ஓடி வந்தான். அன்றைக்கு அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் சுற்றி முடித்திருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுறலாமா தம்பி?" என்று திரும்பிய தணிகாசலம், வெறுந்தெருவைப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். அதிலும் வெறுந்தெரு. "சார், நான் இங்கதான் சார் நிக்கேன்" என்று பாஸ்கோ அவர் கையைப் பிடித்தான். அவர் எதுவோ ஊர்ந்ததுபோலக் கையை உதறினார். அளக்கிறவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு, "ஆள முழுங்குற எடம் சார் இது, வாங்க போயிருவோம்" என்று காரை நோக்கி நடந்தார், நடை ஓட்டமாயிற்று. கார் கிளம்பியது. பாஸ்கோ கூடவே ஓடி ஓடிக் கண்ணாடியில் தட்டினான், டிக்கியில் தட்டினான், முக்குத் திரும்பும்வரை துரத்தினான்.

அதற்குப் பிறகு தணிகாசலம் அந்தப் பக்கம் வரவே இல்லை, கையெழுத்துப் போட ஓர் ஆளும் மிச்சமில்லாத தெருவை யாரும் வாங்கவும் முடியவில்லை. கம்ப்யூட்டரை என்றைக்கோ கடலில் போட்டுவிட்டதாகப் பாஸ்கோ சொன்னான். ஆகவே தெரு அப்படியேதான் இருக்கிறது, வெளியாள் கண்ணுக்குப் பாழாக, உள்ளே இருக்கிறவர்களுக்கு வீடாக.

அன்றைக்குக் காரைத் துரத்திப் போனவன் திரும்பி வந்தபோது எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தான் போல, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டே வந்தான். யாரும் அவனைத் தொடவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. புளோரா உள்ளே போய் உலை வைத்திருந்தாள். அவன் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றான், சட்டை முழுக்க வேர்வை, தட்டித் தட்டி உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. குழந்தைபோல விம்ம ஆரம்பித்தான்.

"பாத்தியாக்கா அவனுவள? எவ்வளவு நாளு கூடவே திரிஞ்சேன், எத்தன வேல செஞ்சு குடுத்தேன். தொண்ட கிழியக் கத்துதேன், கண்ணாடிய அந்தத் தட்டு தட்டுதேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கலக்கா. பக்கத்துல நிக்கேன், இல்லாதவன் மாதிரி விட்டுட்டுப் போறானுவ. எப்படி இருக்கும் தெரியுமா?"

புளோரா அரிசியைக் களைந்துகொண்டே, "தெரியும்" என்றாள்.